பாறைக்குழி உளுவை

ஜொகூரின் கிழக்குக் கரையில், தஞ்சோங் பாலாவ் போன்ற பாறைப் பாங்கான இடங்களில், கடல் வற்றுங்காலத்துப் பாறைக் குழிகளில் நீர் தங்கி நிற்கும். அந்நீரில் விரலளவேயான சிறு மீன்கள் பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கும். மனித நிழல் பட்டதும் மறைந்துவிடும் இம்மீனுக்கு உரிய பெயரைத் துணிவதற்கு அறிஞருலகம் நெடுங்காலம் முயன்றது.

நிறத்தை நம்பி இதனை அறிய இயலாது. வெண்மணல் மீது வெளிறும் மீனே கரும்பாறை மீது கறுத்துக் காணும். துடுப்புகளே நம்பத்தக்க சான்று. முதுகில் இரு தனித் துடுப்புகளும், வயிற்றில் இரு துடுப்புகள் இணைந்த கிண்ணம் போன்ற உறுப்பும் இருப்பின் அது உளுவை இனம். முதுகுத் துடுப்பு நீண்டு தொடர்வதும், உடல் செதிலின்றி வழவழப்பாக இருப்பதும், தொண்டையருகே இழை போன்ற துடுப்புகள் தோன்றுவதும் பெரும்பாலும் பிளென்னி இனத்தின் அடையாளங்கள்.

1830ஆம் ஆண்டில் பிராங்பர்ட் அறிஞர் எடுவார்ட் ரூப்பெல், செங்கடலிற் கிடைத்த உளுவை ஒன்றுக்குக் 'கோபியஸ் பஸ்கஸ்' எனப் பெயரிட்டார். பஸ்கஸ் என்னும் இலத்தீன் சொல் கருநிறத்தைக் குறிப்பது. 1837இல் பிரெஞ்சு அறிஞர் வலன்சியென் அட்லாண்டிக் கடலின் உளுவை ஒன்றை 'சோபோரேட்டர்' என்றார். இரண்டும் தோற்றத்தில் ஒத்திருந்தமையால் அவற்றை ஒன்றாகவே கொண்டாரும் உளர்.

மலாயாக் கடல் மீன்களைத் தொகுத்தவர்களுள் மருத்துவர் இருவர் குறிப்பிடத்தக்கவர். தியோடர் காண்டர் 1849இல் மலாயா மீன்களின் பட்டியலை வெளியிட்டார். டச்சுப் படை மருத்துவரான பீட்டர் பிளீக்கர் 1842 முதல் 1860 வரை டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் தங்கி, ஆயிரக்கணக்கான மீன்களைச் சேர்த்தார். 'பாத்திகோபியஸ்' என்னும் பேரினப் பெயர் 1878இல் அவர் சூட்டியதே. மார்புத் துடுப்பின் மேற்கதிர்கள் பட்டிழை போல் தனித்து நிற்பது இப்பேரினத்தின் அடையாளம். அப்பெயரில் ஆழம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அமைந்திருக்க, முழங்கால் அளவு நீரில் வாழும் மீன் அதனைத் தாங்கி நிற்பது வியப்பே.

பெயரைத் திருத்தமாக அறிவதால் பயன் யாதெனில், 1951இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதனை விளக்கும். லெஸ்டர் ஆரன்சன் பகாமாத் தீவுகளில் சோபோரேட்டர் உளுவையை ஆராய்ந்தார். நீர் பெருகியிருக்கும்போது பாறைகளின் மேல் நீந்தி இடத்தின் அமைப்பை மனங்கொள்ளும் அம்மீன், நீர் வற்றியபின் கண்ணுக்குத் தெரியாத அடுத்த குழிக்குத் தவறாது தாவுகிறது என்று அவர் கண்டார். இரு மீனும் ஒன்றே என்னும் பழைய கருத்து நிலைத்திருந்தால், இவ்வாற்றல் ஜொகூர் மீனுக்கும் ஆராயாமலே உரித்தாக்கப்பட்டிருக்கும். உருவ ஒற்றுமை இயல்பு ஒற்றுமைக்குச் சான்றாகாது. அதனை அந்தக் கரையிலேயே கண்டு தெளிதல் வேண்டும்.

தமிழ் வழக்கில் உளுவை என்பது ஓர் இனப்பெயர். அதனோடு 'பாறை' என்னும் அடையைச் சேர்த்துப் பாறை உளுவை என்றால், இனமும் இடமும் ஒருங்கே விளங்கும். மாணாக்கர்க்கு இப்பெயரே போதும். அதனைச் சொல்லுமுன் துடுப்பைப் பார்க்கும் பழக்கமும் உடன் வேண்டும்.