விளைநிலப் பரப்பும் நிலமற்றோரும்: இந்தியா, சீனா – ஓர் ஒப்பீடு

புதுச்சேரி நகரின் வைத்திக்குப்பம் ஒரு மீனவர் ஊர். அங்கே உழுவதற்கு நிலமில்லை. ஆனால் அங்கிருந்து மேற்கே வில்லியனூர்ப் பக்கமோ தென்மேற்கே பாகூர்ப் பக்கமோ செல்பவர்கள், நெல் விளைந்த வயல்களில் மனைக்கற்கள் நடப்பட்டிருப்பதைக் காணலாம். விளைநிலம் சுருங்குகிறது என்ற கவலை பரவலாகப் பேசப்படுகிறது. அச்சுருக்கத்தால் முதலில் இழப்பவர் யார் என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது. இந்தியாவையும் சீனாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இக்கேள்வியின் தேவை விளங்கும்.

ஒரு நிலத்தில் ஆண்டுக்கு எத்தனை முறை பயிரிட்டாலும் அதை ஒரு முறை மட்டும் கணக்கிடுவது நிகர சாகுபடிப் பரப்பு. இந்தியாவில் இது 1950-51இல் 11.87 கோடி ஹெக்டேராக இருந்தது. 1970-71இல் சுமார் 14 கோடியை எட்டியது. அதன்பின் பெரிதும் மாறவில்லை. ஆனால் தேசியச் சராசரி மாநிலங்களின் நிலையை மறைத்துவிடுகிறது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேலிருந்த பரப்பு, அண்மை ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் கீழே இறங்கியுள்ளது.

சீனாவின் தேசிய நில அளவைகளின்படி, 2009 இறுதியில் 13.54 கோடி ஹெக்டேராக இருந்த விளைநிலம் 2019 இறுதியில் 12.79 கோடியாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் இழப்பு சுமார் 75 லட்சம் ஹெக்டேர். அதில் பெரும்பகுதி காடாகவும் பழத்தோட்டமாகவும் மாறியது. விளைநிலம் 12 கோடி ஹெக்டேருக்குக் கீழே குறையக்கூடாது என்று அந்நாடு எல்லை வகுத்துள்ளது. இரு நாடுகளும் நிலத்தை வெவ்வேறு முறையில் கணக்கிடுவதால், ஒவ்வொரு நாட்டையும் அதன் பழைய நிலையோடு ஒப்பிடுவதே முறை.

பரப்பை மட்டும் பார்த்தால் இந்தியா நிலைத்து நிற்கிறது, சீனா இழக்கிறது என்று தோன்றும். பங்கீட்டைப் பார்த்தால் படம் மாறுகிறது. சீனாவில் 1950ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் நிலக்கிழார்களின் நிலத்தைப் பகிர்ந்தளித்தது. பின்னர் அந்நிலம் கூட்டுடைமையானது. 1978க்குப் பின் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையை ஒட்டிப் பயிரிடும் உரிமை வழங்கப்பட்டது. குறைகள் அங்கும் உண்டு: குவாங்டாங் மாகாணத்தின் வூகான் என்ற மீனவ ஊரில், ஊர் நிலம் விற்கப்பட்டதை எதிர்த்து 2011இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். எனினும் அவர்களால் அதைத் தங்கள் நிலம் என்று சொல்ல முடிந்தது.

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் பயிரிடும் நிலமோ மொத்தப் பரப்பில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. பட்டியல் சாதித் தொழிலாளரில் ஏறத்தாழ பாதிப்பேர் விவசாயக் கூலிகள். 1892இல் சென்னை மாகாண அரசு தொடங்கிய பஞ்சமி நில ஒதுக்கீடும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் பொருந்தவில்லை.

ஆகவே வயல் மனையாகும்போது உடைமையாளருக்கு விலை கிடைக்கிறது. நடவு, களையெடுப்பு, அறுவடை என்று அந்த வயலை நம்பிய சேரிக்கு வேலைநாள் போகிறது. வரப்புப் புல்லும் போகிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், அப்பகுதியில் மூன்றாண்டு உழைத்த கூலித் தொழிலாளர் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. ஆனால் அரசு நிலம் எடுக்கும்போதே அது பெரும்பாலும் பயன்படுகிறது. உடைமையாளர் தாமே வயலை மனையாக்கி விற்றால் கூலித் தொழிலாளிக்கு எதுவும் இல்லை.

நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், அந்நிலத்தில் உழைத்தவர்கள் யார், எத்தனை பேர் என்பது பதியப்பட வேண்டும். அப்பதிவு இல்லாத வரை, எத்தனை ஹெக்டேர் குறைந்தது என்ற கணக்கில் தலித் உழைப்பாளரின் இழப்பு இடம்பெறாது.