சென்னை – யாழ்ப்பாணம்: 354 கிலோமீட்டர்

சென்னையிலிருந்து மதுரையைவிட யாழ்ப்பாணம் கிட்டே. மீனம்பாக்கம், பலாலி இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து ஒரு சின்ன பைதான் நிரலில் போட்டுப் பார்த்தேன். நேர்கோட்டில் சுமார் 354 கி.மீ. வந்தது. மதுரை விமான நிலையம் 417. கோயம்புத்தூர்கூட 400-ஐத் தாண்டுகிறது.

தூரம் மாறாது. நேரம்தான் பாடாய்ப் படுத்தியிருக்கிறது.

1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியது. ‘சீதா தேவி’ என்ற டகோட்டா விமானம். இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் (அதாவது பலாலியில்) இறங்கி, அங்கிருந்து மதராஸ். பலாலி, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளம். டகோட்டாவின் வேகம் மணிக்கு 270 கி.மீ. என்று வைத்தால், பலாலி–மதராஸ் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலே.

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, பலாலி ராணுவத் தளமாகிவிட்டது. போர் 2009-இல் முடிந்த பிறகும் பத்து வருஷம் சென்னைக்காரர் கொழும்புக்குத்தான் பறக்க வேண்டும். கட்டுநாயக்க வரை 644 கி.மீ., பிறகு பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே சுமார் 400 கி.மீ. திரும்பி வரணும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வரைபடத்தில் மீனம்பாக்கத்துக்கும் கட்டுநாயக்கவுக்கும் ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். அது யாழ்ப்பாண நகரத்தின் மேலேயே போகிறது! ஒன்றிரண்டு கி.மீ.தான் வித்தியாசம்.

கொரட்டூரில் எங்கள் தெருவில் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், 2017-இல் அக்கா இறந்த செய்தி கேட்டு இப்படித்தான் போனார். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “எங்கட ஊருக்கு மேலாலதான் போனனான் தம்பி, இறங்கத்தான் வழியில்லை” என்றார்.

இந்தச் சுற்று விமானத்துக்கு மட்டும் வந்ததில்லை. 1914-இல் தொடங்கிய போட் மெயில் காலத்திலும் இதே கதைதான். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து தென்கிழக்கே மதவாச்சி சந்திப்பு வரை ரயில். யாழ்ப்பாணம் போகிறவர் அங்கே மாறி மறுபடி வடக்கே ஏறணும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12-இல் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும்.

ஓடுபாதை குட்டை என்பதால் ஏடிஆர் 72 மாதிரி விசிறி விமானங்கள்தான். அதன் வேகத்துக்கு 354 கி.மீ. முக்கால் மணி நேர வேலை. ஆனால் கால அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் சுமாராகப் போட்டிருப்பார்கள். நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்து, வரிசையில் நின்று, ஏறி, இறங்கி, மறுபடி நிற்கும்வரை எல்லாமே கணக்கில் சேரும். ஆக, 1947-இன் டகோட்டா வானில் எடுத்துக்கொண்ட அதே நேரம்.

கொரட்டூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர, மாலை நெரிசலில், எனக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிறது.