ராஜாவும் ராணியும் ஒரே ஜாடை

போன மாதம் என் பேத்தியைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். எட்டு வயது. "வீட்டிலேயே செட் இருக்கும்போது புதிது எதற்கு?" என்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து அப்பாவின் மரப்பெட்டியை இறக்கினேன். புதுச்சேரியில் அவர் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியது. நான் ஆட்டம் கற்றதும் அதில்தான். ஆட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், ராணி என்று நினைத்து ராஜாவைத் தூக்கி நாலு கட்டம் தள்ளி வைத்தாள். திருத்தினேன். அடுத்து அவள் கை பட்டு மூன்று காய்கள் சரிந்தன. "தாத்தா, இது எனக்கு வேண்டாம். எது ராணின்னே தெரியல" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா போன பிறகு என் பங்குக்கு என்று நான் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அது. ஆனால் இரண்டு நாள் கழித்து நிதானமாகப் பார்த்தபோது, குழந்தை சொன்னதில் பிழை இல்லை என்று தெரிந்தது.

அப்பாவின் செட் 'ரேஜான்ஸ்' வகை. பாரிஸில் கஃபே த லா ரேஜான்ஸ் என்ற காப்பிக்கடை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபிலிதோர் ஆடிய இடம். அந்தப் பெயரால் வழங்கும் காய்கள் ஒல்லியாக, கடைசல் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல இருக்கும். குதிரைக்கு மட்டும்தான் முகம். ராஜாவும் ராணியும் ஒரே ஜாடை. நாம் மந்திரி என்கிற காயைப் பிரெஞ்சில் 'ஃபூ' என்பார்கள்; பைத்தியக்காரன், அரசவைக் கோமாளி என்று பொருள். அரபியில் யானையைக் குறிக்கும் 'ஃபீல்' திரிந்து அப்படி ஆனதாம். பள்ளியில் பைத்தியக்காரன், தெருவில் மந்திரி. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு இதில் பெரிய முரண்பாடு தெரியவில்லை!

1843இல் ஹோவர்ட் ஸ்டான்டன் என்ற ஆங்கிலேயர் அதே காப்பிக்கடைக்கு வந்து பிரான்சின் தலைசிறந்த ஆட்டக்காரர் சேந்தமானைத் தோற்கடித்தார். ஆறு வருடம் கழித்து, 1849 மார்ச் 1 அன்று, நத்தானியல் குக் என்பவர் லண்டனில் ஒரு புதிய காய் வடிவத்தைப் பதிவு செய்தார். ஜேக்ஸ் கம்பெனி அதைச் செய்து விற்றது. ஸ்டான்டன் தன் பெயரைக் கொடுத்தார், பத்திரிகையில் புகழ்ந்தும் எழுதினார். வடிவத்துக்கு உரியவரை விட்டுவிட்டுப் பெயர் கொடுத்தவரைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ராஜாவுக்குச் சிலுவை, ராணிக்குக் கிரீடம், மந்திரிக்குப் பிஷப்பின் பிளந்த தொப்பி, யானைக்குக் கோட்டைக் கொத்தளம். அடி அகலம், உள்ளே ஈயம். ஒரு பார்வையில் காய் தெரியும், கை பட்டால் விழாது. என் பேத்தியின் இரண்டு புகார்களுக்கும் 1849இலேயே பதில் சொல்லியாகிவிட்டது.

அந்தக் காலத்தில் நம் ஊர்க் கைவினைஞர்கள் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். விசாகப்பட்டினத்திலும் வங்காளத்து பெர்ஹாம்பூரிலும் தந்தத்தில் செட் செதுக்கி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். ஒரு பக்கம் கம்பெனிப் படை, மறுபக்கம் நம் ராஜாவின் அம்பாரி யானை. கண்ணாடிப் பெட்டியில் வைக்க அற்புதம். ஆடச் சொன்னால், பேத்தி அதற்கும் எழுந்து போயிருப்பாள். இன்று உலகின் நல்ல ஸ்டான்டன் மரக்காய்களில் பெரும்பகுதி நம் அமிர்தசரஸில் தயாராகிறது. வெள்ளைக்குப் பாக்ஸ்வுட், கறுப்புக்கு நம் ஈட்டிக்கு உறவான சீஷம், காசிருந்தால் கருங்காலி. மற்ற காய்களைக் கடைசல் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். குதிரையை மட்டும் கையால்தான் செதுக்க வேண்டும். செட்டின் விலையே குதிரையின் முகத்தில் இருக்கிறது. கடையில் முதலில் அதைப் பாருங்கள்: காதும் பிடரியும் கூராக இருக்கின்றனவா, நாலு குதிரையும் ஒரே ஜாதியா என்று.

எங்கள் ஆழ்வார்பேட்டைக்கு இதில் பங்கு உண்டு. கஸ்தூரி ரங்கா சாலையில் சோவியத் கலாச்சார மையம் இருந்ததே, அங்கேதான் மானுவல் ஆரோன் 1972இல் தொடங்கிய டால் செஸ் கிளப் நடந்தது. அவர் 1961இலேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக அங்கு மின்னல் ஆட்டம் ஆடிப் பழகினார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்தப் பையனைப் பார்த்தீரா என்று கேட்காதீர்கள். பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வேகத்தில் எது ராணி என்று தேட யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

சரி, கடைக்கு இஞ்ச் டேப்போடு போனேன். உலகச் செஸ் சம்மேளனத்தின் பரிந்துரை: ராஜா 9.5 செ.மீ. உயரம், கட்டம் 5 முதல் 6 செ.மீ. டேப் இல்லாவிட்டால் ஒரே கட்டத்தில் நாலு சிப்பாய்களை நிறுத்திப் பாருங்கள். இடிக்காமல், இடமும் மிஞ்சாமல் நின்றால் பலகையும் காயும் ஜோடி. ராஜாவை விரலால் சாய்த்தேன், தானே நிமிர்ந்தது. பளபளக்கும் பலகையைக் கடைக்காரர் காட்டினார். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கும், வேண்டாம் என்றேன். கடைசியில் மரத்தை விட்டு, எடை வைத்த பிளாஸ்டிக் காய்களும் சுருட்டி வைக்கிற வினைல் விரிப்பும் வாங்கினேன். வகுப்புக்குப் பையில் போட்டு எடுத்துப் போக அதுதான் சரி. அமிர்தசரஸ் குதிரைக்கு அவள் இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

அப்பாவின் பெட்டியை மறுபடி மேலே வைக்கப் போனேன். பேத்தி விடவில்லை. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து வந்து, எது ராணி என்று என்னிடம் கேட்டு, இரண்டு ராணிகளின் கழுத்திலும் கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அதில்தான் ஆடுகிறோம்.