பாக்கெட் ஃபில்டர்: வாசல் காவலின் கதை

நெட்வொர்க் லேபில் ரவுட்டருக்கு ஆக்சஸ் லிஸ்ட் எழுதும்போது இரண்டு விஷயங்களை மனப்பாடம் செய்கிறோம். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும்; முதலில் பொருந்தும் விதியே செல்லும். எதுவும் பொருந்தாவிட்டால், கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் விதி அந்த பாக்கெட்டைத் தடுத்துவிடும். இவற்றுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

ஆரம்பத்தில் ரவுட்டருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: பாக்கெட்டைச் சரியான வழியில் அனுப்புவது. யார் அனுப்பினார் என்று அது கேட்காது. 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய புழு நிரல் இணையத்தில் பரவியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த காலம் அதோடு முடிந்தது.

1989-ல் டெக் நிறுவனத்தின் ஜெஃப்ரி மோகல், 'ஸ்க்ரீன்டி' என்ற மென்பொருளைப் பற்றி எழுதினார். கேட்வேயாக நிற்கும் யூனிக்ஸ் கணினி ஒவ்வொரு பாக்கெட்டின் முகவரியையும் போர்ட் எண்ணையும் விதிகளோடு ஒப்பிட்டு, விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்யும்.

கருவி வந்துவிட்டது, ஆனால் அதற்கு விதி எழுதுவது சுலபமாக இல்லை. 1992-ல் பிரென்ட் சாப்மன் தன் கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். சில ரவுட்டர்கள் நாம் எழுதிய வரிசையைத் தாங்களாகவே மாற்றிக்கொண்டன. வரிசை மாறினால் பொருளும் மாறும் அல்லவா?

எஃப்.டி.பி. இன்னொரு தலைவலி. கோப்பைக் கேட்பது நாம். ஆனால் சர்வர்தான் தன் 20-ஆம் போர்ட்டிலிருந்து நம்மை நோக்கி இணைப்பைத் திறக்கும். '20-லிருந்து வந்தால் விடு' என்று எழுதினால், திருடனும் 20-லிருந்தே வருவான். 1994-ல் செக் பாயின்ட் வெளியிட்ட ஃபயர்வால்-1 இதற்கு வழி சொன்னது. உள்ளேயிருந்து யார் எந்த இணைப்பைத் தொடங்கினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கான பதிலை மட்டும் அது உள்ளே விட்டது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? 2003 ஜனவரி 25 அன்று 'ஸ்லாம்மர்' புழு வந்தது. 376 பைட் மட்டுமே கொண்ட அது, யு.டி.பி. 1434 போர்ட் வழியாக, பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடங்களில் பிடித்தது. அந்த போர்ட்டைத் தடுக்க ஒரே ஒரு விதி போதும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தின் ஃபயர்வாலில் அந்தத் தடை இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒப்பந்ததாரர் ஒருவரின் நெட்வொர்க்கிலிருந்து வந்த தனி இணைப்பு, ஃபயர்வாலைத் தொடாமல் நேராக உள்ளே போயிருந்தது. புழு அந்த வழியாக நுழைந்தது. பாதுகாப்பு நிலவரத்தைக் காட்டும் கணினி அமைப்பு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் முடங்கியது. நல்லவேளை, அப்போது அணு உலை இயக்கத்தில் இல்லை.

வரிசை, நினைவு என்று ஒவ்வொரு குறைக்கும் தொழில்நுட்பம் ஒரு விடை கண்டது. கொல்லைப்புறக் கதவு திறந்திருப்பதை மட்டும் எந்த ஃபில்டராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நண்பர்களே, முதல் விதியை எழுதும் முன் நெட்வொர்க்கின் வரைபடத்தை எடுத்து, எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்று எண்ணிவிடுங்கள்.