சிறு உணவுக் கடைக்கான பதிவும் மருத்துவத் தகுதிச் சான்றும்: நோயுள்ளவர்களும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

இட்லிக் கடை, தேநீர்க் கடை, வறுத்த மீன் விற்கும் தள்ளுவண்டி, வீட்டில் சமைத்துக் கொடுக்கும் சாப்பாடு என எதுவாயினும், உணவை விற்பவர் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன்படி பதிவு அல்லது உரிமம் பெற்றிருக்க வேண்டும். உணவைக் கையாளுபவருக்கு மருத்துவத் தகுதிச் சான்றும் தேவை. இந்தச் சான்றைக் கண்டுதான் பலர் அஞ்சுகின்றனர். "நோயைச் சொன்னால் கடையை மூடச் சொல்வார்களோ?" என்பது புறநோயாளர் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி. பெரும்பாலான நோய்களுக்கு இதன் விடை 'இல்லை' என்பதே.

பதிவு பெறும் முறை

2011ஆம் ஆண்டின் விதிகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மிகாத சிறு வணிகருக்குப் பதிவு மட்டும் போதும் என்றும், அதற்கான கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் வகுத்தன. வரம்பும் கட்டணமும் திருத்தத்திற்கு உட்பட்டவை. விண்ணப்பிக்கும் நாளில் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் காணப்படுவதையே பின்பற்றவும். புகைப்படம், அடையாளச் சான்று ஆகியவற்றுடன் 'ஏ' படிவத்தை அந்த இணையதளத்திலேயே நிரப்பலாம். வழங்கப்படும் 14 இலக்கப் பதிவு எண்ணைக் கடையில் பலர் பார்வையில் படும்படி வைக்க வேண்டும்.

திருவிழாக் காலத் தற்காலிகக் கடைகளும் இதற்கு விலக்கல்ல. கந்தசாமி கோயில் மாசிப் பெருவிழாவின்போது சில நாள்களுக்கு மட்டும் கடை போடுபவரும், அன்னதானம் வழங்குபவரும் பதிவு செய்ய வேண்டியவர்களே.

இது உணவுக்கான பதிவு மட்டுமே. இடத்திற்கான தொழில் உரிமம் வேறு. திருப்போரூர் எல்லைக்குள் பேரூராட்சி அலுவலகத்தையும், சுற்றியுள்ள கிராமங்களில் அந்தந்த ஊராட்சியையும் அணுகவும். சாலையோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உள்ளது; அவர்கள் விற்பனைச் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம்.

மருத்துவப் பரிசோதனையில் என்ன பார்க்கப்படும்?

பதிவு பெற்ற மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை உடல், கண், தோல் ஆகியவற்றைப் பரிசோதித்து, தடுப்பூசி விவரத்தைக் குறித்து, தொற்று ஐயம் இருந்தால் அதற்குரிய ஆய்வக சோதனைக்கு எழுதுவார். குடற்காய்ச்சல் எனப்படும் டைபாய்டுக்கான தடுப்பூசி இதில் முக்கியமானது. மருத்துவர் அறிய விரும்புவது ஒன்றே: உங்கள் கையிலிருந்து உணவு வழியாகப் பிறருக்கு நோய் பரவுமா?

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், வலிப்பு, புற்றுநோய் ஆகியவை உணவு வழியே பரவுவதில்லை. சர்க்கரை நோயாளியின் விரலில் ஆறாத புண் இருந்தால் மட்டும், அது ஆறும்வரை சமையலையும் பரிமாறுதலையும் வேறொருவர் செய்வது நல்லது. சீழ்ப்புண்ணிலுள்ள ஸ்டைஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் உண்டாக்கும் நச்சு, கொதிக்கவைத்தாலும் அழியாது.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியவையும் சமைத்த உணவினால் பரவுவதில்லை. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமே கூறுகிறது. காசநோய் காற்றில் பரவும் நோய். மருந்துக்குக் கட்டுப்படும் வகையாயின், முறையாகச் சிகிச்சை தொடங்கிய ஓரிரு வாரங்களில் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். எப்போது கடைக்குத் திரும்பலாம் என்பதைச் சிகிச்சை அளிப்பவரிடம் கேட்டு முடிவு செய்யவும். தொழுநோயும் அவ்வாறே. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் அதற்கென மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது; இருந்தும், குணமடைந்தவரிடம் தேநீர் வாங்கிக் குடிக்கத் தயங்குவோர் இம்மாவட்டத்திலும் உண்டு. அந்தத் தயக்கத்திற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

உண்மையில் விலகியிருக்க வேண்டியவர்கள்

வயிற்றுப்போக்கு அல்லது வாந்தி இருந்தால், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைத் தொடக் கூடாது. ஹெபடைடிஸ் ஏ வகை மஞ்சள் காமாலையில், கண் மஞ்சளான நாளிலிருந்து குறைந்தது 7 நாள்கள் விலகியிருக்க வேண்டும். கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரு வாரங்களிலேயே இந்நோய் மிகுதியாகப் பரவுவதால், வீட்டில் உடன் இருப்பவர்களையும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

டைபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு 1 முதல் 5 பேர் வரை, காய்ச்சல் முற்றிலும் நீங்கிய பின்னரும் கிருமியைத் தம்முள் சுமந்திருப்பர். பித்தப்பையில் கல் உள்ளவர்களிடம் இது அதிகம். அமெரிக்காவின் நியூயார்க்கில் சமையல் வேலை செய்த மேரி மல்லன் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. தாம் நலமாக இருந்தும் பிறருக்கு நோயைப் பரப்பியதால் 1907இல் தனிமைப்படுத்தப்பட்டார். இனிச் சமைப்பதில்லை என்ற நிபந்தனையுடன் 1910இல் விடுவிக்கப்பட்டார். சலவை வேலையில் வருமானம் போதாமல், வேறு பெயரில் சமையலுக்கே திரும்பினார். 1915இல் மீண்டும் பிடிபட்டு, 1938இல் இறக்கும்வரை தனிமையிலேயே வாழ்ந்தார். அக்காலத்தில் அவரைக் குணப்படுத்த ஆன்டிபயாடிக் மருந்து இல்லை. இன்று உள்ளது. கிருமியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் சில வார மாத்திரைகளில் விடுபடுகின்றனர். மலத்தில் கிருமி இல்லை என்று உறுதியான பின் சமையலுக்குத் திரும்பலாம்.

சான்றுக்காக வைடால் பரிசோதனை முடிவோடு வருபவர்கள் பலர். பணம் செலவழிக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். பழைய காய்ச்சலாலோ தடுப்பூசியாலோகூட வைடால் நேர்மறையாக வரக்கூடும். கிருமியைச் சுமப்பவரைக் கண்டறிய மல வளர்ப்புச் சோதனையே பயன்படும்.

பராமரிப்பாளர்களுக்கு

படுக்கையில் இருப்பவருக்கு மலம், சிறுநீர் எடுத்துவிட்டு அடுப்படிக்குச் செல்லும் நிலை பல வீடுகளில் உண்டு. ஒவ்வொரு முறையும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு, நகக்கண் உட்பட, 20 வினாடிகள் கை கழுவவும். கிருமிநாசினித் திரவம் இதற்கு ஈடாகாது. நோயாளிக்கான துண்டு, வாளி, குவளை ஆகியவை கடைப் பொருள்களோடு கலக்க வேண்டாம். தண்ணீர் லாரியில் வாங்குபவர்கள், குடிக்கக் கொடுக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கவும்.

உங்களுக்கு உடல்நலம் குன்றும் நாள்களில் கடையைக் கவனிக்க வேறொருவர் இருப்பின், இப்போதே அவருக்கும் பரிசோதனை செய்து சான்று பெற்று வைத்துக்கொள்ளவும். பரிசோதனைக்கு வரும்போது தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள், பழைய சிகிச்சைச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கொண்டுவரவும்.