சதையும் சாத்தேயும்: ஒரு சொல் வரலாற்றின் ஆய்வு

ஜொகூர் மாநிலத்து மூவார் நகரில் பொழுது புலர்ந்ததும் கரியடுப்புகள் மூட்டப்படுகின்றன. பிற ஊர்களில் மாலைக்கும் இரவுக்கும் உரியதாகக் கருதப்படும் சாத்தே, இங்குக் காலையுணவாகவும் உண்ணப்படுகிறது. மஞ்சள், செராய், மல்லி ஆகியவற்றில் ஊறிய இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்துத் தணலின்மேல் வாட்டுவர். இடையிடையே, நசுக்கிய செராய்த் தண்டை எண்ணெயில் தோய்த்து அவற்றின்மேல் தடவுவர். உருகும் கொழுப்பு தணலில் சொட்டிப் புகையாகி மீண்டும் இறைச்சியிலேயே படிகிறது. சாத்தேயின் சுவைக்கு அப்புகை பெரிதும் காரணமாகும்.

இவ்வுணவின் பெயர் தமிழ்ச் 'சதை'யிலிருந்து பிறந்தது என்னும் கூற்று நம் வகுப்பறைகளிலும் மேடைகளிலும் முடிந்த முடிபாக வழங்கிவருகிறது. அகராதிகள் சிலவும் ஐயக்குறிப்போடு இதனைச் சுட்டுகின்றன. இக்கூற்று மெய்யாக இருக்க வேண்டுமென நாம் விரும்புவது இயல்பே. ஆயினும் மலாய் மொழியினரும் சீன மொழியினரும் அருகிருந்து கேட்கும் இந்நாட்டில், நாம் சொல்வதற்குச் சான்று கேட்டால் காட்ட இயல வேண்டும். எனவே ஒலி, பொருள், வழி என்னும் மூன்றையும் கொண்டு இக்கூற்றை ஆராய்வோம்.

முதலில் ஒலி. தமிழிலிருந்து மலாய் மொழிக்குச் சென்றவை என ஐயமின்றி அறியப்பட்ட சொற்கள் பல உள்ளன. கடை 'கெடாய்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. மாப்பிள்ளை 'மெம்பெலாய்' ஆயிற்று. இவற்றுள் முதல் மூன்றை உற்றுநோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். தமிழில் வல்லினம் இரட்டித்து நிற்குமிடத்தில் மலாய் ஒலிப்பிலா வல்லொலியை ஏற்கிறது. பெத்தி, காத்தில் என்பன அவ்வாறு அமைந்தவை. இரு உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் வல்லினமோ தமிழர் நாவில் மெலிந்து ஒலிப்பதால், மலாயிலும் அது ஒலிப்புடை ஒலியாகவே சென்றது. கெடாய் அதற்குச் சான்று. 'சதை' என்பதன் தகரம் தனித்து நிற்பது. ஆகவே அச்சொல் கடன் சென்றிருப்பின், மலாயில் மெலிந்த ஒலியையே எதிர்பார்ப்போம். சாத்தே என்பதில் கேட்பதோ வல்லொலி.

சொல்லின் முதலொலியும் எண்ணத்தக்கது. சுருட்டு, சம்மட்டி ஆகியவற்றிலிருந்து மலாய் பெற்ற 'செருத்து', 'செமெத்தி' என்னும் சொற்கள், 'பச்சை' என்பதில் நாம் கேட்கும் அழுத்தமான சகரத்தோடு வழங்குகின்றன. சாத்தே மெல்லிய ஸகரத்தோடு தொடங்குகிறது. தமிழர் பேச்சில் சகரம் இருவகையாகவும் ஒலிப்பதால் இது தனித்து வழக்கை முடிக்காது. ஈற்று ஐகாரமோ சதைக்குச் சார்பாக நிற்கிறது. கடை கெடாய் ஆனதுபோலச் சதையும் ஐகார ஈற்றோடு சென்றிருக்கலாம். எனவே ஒலிச்சான்று ஒருபுறம் சாய்ந்தும் ஒருபுறம் தடுத்தும் நிற்கிறது.

இரண்டாவது பொருள். 'சதை' என்பது 'தசை' என்பதன் எழுத்து நிலைமாறிய வடிவம். சிவிறி 'விசிறி' ஆனதைப் போன்றது. அச்சொல் உடலின் ஊனைக் குறிக்கும். சமைத்த உணவைத் தமிழர் பெரும்பாலும் கறி என்றோ இறைச்சி என்றோதான் வழங்குவர். 'சதை உண்டோம்' என்பது வழக்கன்று. உணவாக ஒரு சொல் கடல் கடக்கும்போது உணவுப் பெயராகவே கடப்பது இயல்பு. கறி 'காரி' என்றும் அப்பம் 'ஆப்பம்' என்றும் மலாயில் நிலைபெற்றது அவ்வாறே.

மூன்றாவது வழி. உணவு வரலாற்றாசிரியர் பலர் சாத்தேயின் பிறப்பிடத்தைச் சாவகத் தீவில் காண்கின்றனர். மேற்கிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரின் கபாப் அதற்குத் தூண்டுதலாயிற்று என்பர். அவ்வணிகருள் தமிழ் முஸ்லிம்களும் இருந்தமையால் தமிழ்ச்சொல் நுழைய வாயில் திறந்தே இருந்தது. ஆனால் வாயில் திறந்திருந்தது என்பதால் மட்டும் ஒருவர் உள்ளே வந்தார் என்று ஆகிவிடாது. சீனர் சிலர் இப்பெயரைத் தம் மொழியில் 'மூன்று துண்டு' எனப் பொருள்படும் தொடரோடு இணைப்பர். குச்சியொன்றில் எத்தனை துண்டு என்பது ஊருக்கு ஊர் மாறுவதால் அவ்விளக்கமும் உறுதியற்றது. தென்சீனரின் 'சாத்தே' என்னும் குழம்புப்பொருளின் பெயர் மலாயிலிருந்து அங்குச் சென்றதாகவே கொள்ளப்படுகிறது.

ஆகவே 'சாத்தே சதையிலிருந்து வந்திருக்கலாம். நிறுவப்படவில்லை' என்பதே நாம் சொல்லத்தக்க முடிபு. ஒலியொற்றுமையை மட்டும் நம்பினால் எங்கும் போய்ச்சேரலாம் என்பதற்கு 'பார்பிகியூ' என்னும் சொல்லே சான்று. கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் மரக்கழிகளால் உயர்த்திக் கட்டிய சட்டத்திற்குரிய பெயர் அது; ஸ்பானியர் 'பார்பக்கோவா' என்றனர். ஒவியேதோ என்னும் ஸ்பானிய நூலாசிரியர் 1526இல் அச்சொல்லைத் தம் நூலில் பதிவு செய்தார். நம் 'பரண்' என்பதும் உயர்த்திக் கட்டிய மரச்சட்டமே. முதலெழுத்தும் பொருளும் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒரு வேரில் பிறந்தவை எனலாமோ? ஆகாது. இரு மொழியினருக்கும் இடையே அக்காலத்தில் யாதொரு தொடர்பும் இல்லை.

'சாத்தே' தமிழ்ச்சொல் என நிறுவப்படாமையால் தீயில் சுட்ட ஊனைப் பற்றித் தமிழ் வறுமையுற்றது என எண்ண வேண்டா. கரிகாற் சோழனைப் பற்றி முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், பொருநர்க்கு இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி வழங்கப்படுகிறது. அதன் வெம்மை தாளாமல் அவர் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கி உண்கின்றனர். அக்கம்பிக்குக் 'காழ்' என்று பெயர். மரத்தின் வயிரத்தையும் வித்தையும் குறிக்கும் அதே சொல், உறுதியான கோலையும் குறித்தது. மலாயர் சாத்தேக்குப் பயன்படுத்திய தென்னோலை 'லிடி', நம் ஈர்க்கு. பொருள் ஒன்று, சொல் வேறு. கடன் ஏதுமின்றியே இரு மக்கள் ஒரே கைவினையை அறிந்திருந்தனர்.

வினைச்சொற்களும் நோக்கத்தக்கன. மலாய் மொழி நெருப்பில் சுடுவதைப் 'பாக்கார்' என்றும், புகையில் உலர்த்துவதைச் 'சாலாய்' என்றும் பிரிக்கும். நம் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில் புகையூட்டிய இறைச்சியைத் தேங்காய்ப்பாலிலும் மிளகாயிலும் சமைப்பது பெயர் பெற்றது. தமிழில் சுடுதல், வாட்டுதல், வறுத்தல், வதக்குதல், பொரித்தல் ஆகியன வெம்மையின் அளவையும் எண்ணெயின் பங்கையும் கொண்டு வேறுபடுகின்றன. உப்பிட்டு வெயிலில் காய்த்ததற்கு 'உப்புக்கண்டம்' என்னும் பெயர் உண்டு. வீட்டு முற்றத்தில் தேங்காய் மட்டையையும் சிரட்டையையும் எரித்து இறைச்சிக்குப் புகையூட்டும் இளைஞர், 'புகையூட்டுதல்', 'தணலில் வாட்டுதல்' என்று சொன்னால் கேட்போர்க்கு உடனே விளங்கும். உணவின் பெயரோ பிறந்த மக்களின் பெயராகவே இருக்கட்டும்; சாத்தேயைச் சாத்தே என்றே நம்மவர் வழங்குவது நன்று.

சாத்தேயோடு வரும் கடலைக் குழம்பும் ஒரு பாடம். தென்னமெரிக்காவில் தோன்றிய அக்கடலையை மலாயர் மண்ணொடு சேர்த்துக் 'காச்சாங் தானா' என்றனர். தமிழர் 'நிலக்கடலை' என்றனர். வடதமிழகத்தில் வழங்கும் 'மணிலாக்கொட்டை' என்னும் பெயர் பிலிப்பைன்ஸின் மணிலா நகரை நினைவூட்டுகிறது. இங்கும் ஒற்றுமை, பயிர் விளையும் முறையைக் கண்டு தனித்தனியே பிறந்த ஒற்றுமையே.

ஆசிரியர்கள் இப்பொருளைக் கற்பிக்கையில், 'சாத்தே தமிழ்ச்சொல்' என்று கரும்பலகையில் எழுதுவதற்கு மாறாக, கெடாய், பெத்தி, காத்தில் ஆகிய மூன்றையும் எழுதி, அவற்றின் ஒழுங்கை மாணவரே கண்டறியச் செய்தல் வேண்டும். பின்னர்ச் சாத்தேயை அவ்வொழுங்கில் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். பொருந்தும் இடமும் பொருந்தா இடமும் தாமே கண்ட மாணவர், நாளை வேறொருவர் வேறொரு சொல்லைப் பற்றிப் பெருமையோடு பேசும்போது, சான்று எங்கே என அமைதியாகக் கேட்பர். மொழியியல் கல்வியால் நாம் எதிர்பார்க்கும் பயன் அதுவே.