ஆரூடங்கள் மறந்த கைகள்

விவசாயத்தின் எதிர்காலத்தைப் பற்றி ஆரூடம் சொல்பவர்களுக்கு இந்த மண்ணில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. சொன்னவற்றுள் சில பலித்தன, சில பொய்த்தன. ஆனால், பலித்தவற்றிலும் பொய்த்தவற்றிலும் ஒரு கணக்கு மட்டும் தொடர்ந்து விடுபட்டே வந்திருக்கிறது. ரப்பரின் வரலாறே அதற்குச் சான்று.

1877-ஆம் ஆண்டு லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அந்தப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, வருங்காலம் ரப்பருக்கே என்று நம்பினார். காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த தோட்ட முதலாளிகளின் கைகளில் ரப்பர் விதைகளைத் திணித்தார். அவர்களோ அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டம் சூட்டினர்.

ரிட்லி ஆரூடத்தோடு நிற்கவில்லை. மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் துணிந்து ரப்பர் பயிரிட்டார். காப்பியின் விலை சரிந்தது. மோட்டார் வாகனம் வந்தது. பைத்தியக்காரர் சொன்னது பலித்தது.

ஆனால், இத்தனை மரங்களையும் தினமும் சீவப்போவது யார்? அதற்கான பதில் கப்பலில் வந்தது. கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களில் ஆள் சேர்த்தார்கள். விடியுமுன் பிரட்டுக்குப் போய், நிரையில் மரம் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு சேர்த்தவர்களின் உழைப்பில்தான் அந்த ஆரூடம் நிஜமானது.

அடுத்த ஆரூடம் போர்க்காலத்தில் பிறந்தது. 1942-இல் மலாயா ஜப்பானியர் வசமானதும், அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றுபோனது. பெட்ரோலிய மூலப்பொருள்களைக் கொண்டு செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அந்நாடு விரைந்து எழுப்பியது. போர் முடிந்தபின், ‘இனி மரத்துப் பால் எதற்கு?’ என்ற கேள்வி எழுந்தது. அந்த ஆரூடம் பொய்த்தது. 1925-இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், அதிகம் பால் தரும் மர வகைகளை உருவாக்கியது. விமானச் சக்கரங்களுக்கு இன்றும் இயற்கை ரப்பர்தான் வேண்டியிருக்கிறது.

மரம் பிழைத்தது. மரம் வெட்டியவர்களின் நிலை என்ன? 1950-களில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. குடியிருந்த வீடும் தோட்டத்துக்கே சொந்தம் என்பதால், வேலை போனால் கூரையும் போனது. இந்த அவலத்தைக் கண்டுதான், 1960-இல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். பின்னர் செம்பனை பரவியபோது ஆள்தேவை குறைந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தொழிலாளர்களை வெளியேற்றியது இயந்திரமன்று. பயிர் மாற்றமும் நில விற்பனையுமே.

இயந்திரம் வந்து எல்லாவற்றையும் செய்யும் என்பது மூன்றாவது ஆரூடம். பால்வெட்டும் கருவிகள் பல சோதிக்கப்பட்ட பின்னும், பெரும்பாலான மரங்களைச் சீவுவது மனிதக் கைகள்தாம். செம்பனைக் குலையையும் நீண்ட கம்பில் பூட்டிய அரிவாளால் மனிதரே அறுக்கின்றனர். 2020-இல் கோவிட் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டு வெளிநாட்டுத் தொழிலாளர் வரத்து நின்றதும், அறுக்க ஆளின்றிச் செம்பனைத் தோட்டங்கள் திணறின. யார் கையில் தொழில் நிற்கிறது என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

இன்று ஆளில்லா விமானம் மருந்து தெளிக்கிறது. நாளை இயந்திர மனிதன் வரலாம், வரட்டும். விளைச்சல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்கும்போது, ‘இந்த வேலையைச் செய்தவர் நாளை எங்கே குடியிருப்பார், அவர் பிள்ளை எந்தத் தொழிலைக் கற்கும்?’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ரிட்லி 1956-இல், நூறு வயது கடந்து காலமானார். தம் ஆரூடம் பலித்ததைக் கண்ணாரக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. அதைப் பலிக்கவைத்தவர்களில் பலருக்கோ, சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு வீடுகூட வாய்க்கவில்லை. அடுத்த ஆரூடமாவது அவர்களையும் கணக்கில் சேர்க்கட்டும்.